பவுணின் சீனியும் என் சீனியும்

1

இதை எழுத வேண்டும் என்று நினைத்து, பிறகு வேண்டாம் என்று விட்டு, வருடங்கள் போய்விட்டன. எழுத்து எனக்குப் பழக்கமான வேலை இல்லை. ஊரில் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது. கனடாவுக்கு வந்து நான் படித்ததெல்லாம் பேக்கரியில் பணிஸ் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் எழுத்துகள்தான். ஆனால் என் தயக்கத்துக்குக் காரணம் அது மட்டும் இல்லை. ஒரு பூனையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று ஊர்ச்சனம் வாசிக்க எப்படி எழுதுவது என்ற வெட்கமும் இருந்தது.

போன மாதம் ரொறன்ரோவில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்குக்குப் போயிருந்தேன். எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண்ணை எனக்கு முன்பின் தெரியாது. என் சொந்த ஊர் கரவெட்டி என்று அவருக்கும் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"கேள்விப்பட்டனீங்களே? கரவெட்டிப் பக்கம் கனடாவிலையிருந்து போன ஒருத்தி, கொடியேறின கோயில், தங்கடை திருவிழா அண்டைக்கு, வீட்டிலை றால் குழம்பு வைச்சவவாம்."

"றாலோ?" என்றேன்.

"றால், நண்டு, எல்லாம். கேட்டதுக்குப் பூனைக்கு எண்டு சாட்டுச் சொன்னவவாம்."

"பூனை குழம்பு தின்னுமே?"

"அதைத்தானே நானும் கேக்கிறன்" என்று சொல்லி, அவர் என் தட்டில் இன்னொரு வடையை எடுத்து வைத்தார்.

அந்த ஒருத்தி நான்தான். முதலில் என் காதுக்கு வந்தபோது அது நெத்தலி. பிறகு யாரோ அதைப் பெரிய அறக்குளா மீன் ஆக்கினார்கள். இப்போது றாலும் நண்டும் வந்துவிட்டன. இனியும் பேசாமல் இருந்தால் அடுத்த சடங்கில் திமிங்கிலம் வரும். ஆகவே எழுதுகிறேன்.

2

பவுண் என் தங்கை கமலாவின் பூனை. கடுவன். நல்ல மஞ்சள் நிறம், அதனால் அந்தப் பெயர். கமலா கரவெட்டியில் எங்கள் அப்பா அம்மாவின் வீட்டில் தனியே இருக்கிறாள். கல்யாணம் செய்யவில்லை. அப்பாவுக்குச் சீனி வருத்தம் முற்றிய காலத்தில் காலையும் மாலையும் அவருக்கு இன்சுலின் ஊசி போட்டது கமலாவின் கை. நான் இங்கே இருந்து தொலைபேசியில் அழுதேன். எங்கள் இருவருக்கும் கிடைத்த பங்கு அப்படி.

ஒருநாள் கிணற்றடி மணலில் பவுண் நனைத்த இடத்தில் எறும்பு மொய்த்ததை அவள் கண்டிருக்கிறாள். அப்பாவின் வருத்தத்தையும் எங்கள் அம்மா அப்படித்தான் முதலில் கண்டுபிடித்தவர். பவுண் ஓயாமல் தண்ணீர் குடித்தான், தின்னத் தின்ன மெலிந்தான். கமலா அவனைப் பிரம்புக் கூடையில் மூடி, ஓட்டோ பிடித்து, மிருக வைத்தியரிடம் கொண்டுபோனாள். மாட்டோடும் ஆட்டோடும் காத்திருந்தவர்கள் கூடையை எட்டிப் பார்த்துச் சிரித்தார்களாம். டொக்டர் ஒரு இளம் பெண்பிள்ளை. சிரிக்கவில்லை. காதில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்கடை ஆளுக்குச் சீனி" என்றாராம். காலையும் மாலையும் ஊசி. மீனோ கோழியோ கொடுக்க வேண்டும், சோறு கூடாது. முதலில் தின்ன வேண்டும், பிறகுதான் ஊசி. தின்னாவிட்டால் ஊசி போடக் கூடாது.

இந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் என் மகள் அபி அழுத அழுகையை நான் மறக்கவில்லை. அதற்கு முதல் வருடம் அவள் லீவில் ஊருக்குப் போய் ஒரு மாதம் கமலாவோடு நின்றவள். பவுண் அவளுடைய வயிற்றில் ஏறிப் படுப்பானாம். அபி கனடாவில் பிறந்து வளர்ந்து, பாங்கில் வேலை செய்கிற பிள்ளை. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் ஊசி போடுவது எப்படி என்று படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு ஊசி நேரமெல்லாம் வற்ஸ்அப்பில் படத்தோடு பேச்சு. அங்கே காலை என்றால் இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். அங்கே பின்னேரம் என்றால் இங்கே காலைக் கோப்பி. இரண்டு நேரமும் அபி முழித்திருக்கும் நேரமாகவே அமைந்தது.

"சின்னம்மா, உவன் சாப்பிட்டவனே?"

"ஓம் குஞ்சு. தலைகூட மிச்சம் விடேல்லை."

"நேற்று ஏன் சீனி கூடினது? பால் குடுத்தனீங்களோ?"

"நான் ஏன் குடுக்கிறன்? வேலியாலை பாய்ஞ்சு றீற்றா வீட்டை போயிருப்பான். அவள் இவனைக் கண்டால் பானையோடை வைப்பாள்."

"றீற்றா அன்ரியிட்டைச் சொல்லுங்கோ, நான் அங்கை வந்தால் கதைப்பன் எண்டு."

நான் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சனிக்கிழமைகளில் பனிக்குள்ளே கூட்டிக்கொண்டு தமிழ் வகுப்புக்கு அலைந்தவள் நான். அபிக்கு வராத தமிழ் அது. வீட்டில் நான் ஒன்று கேட்டால் "ஓகே அம்மா" என்ற இரண்டு சொல்லோடு முடியும். இப்போது உவன், அவள், கதைப்பன், பேந்து வாறன் என்று கரவெட்டித் தமிழ் என் குசினிக்குள்ளே கொட்டுகிறது. எனக்கு அல்ல, கமலாவுக்கு. அதுவும் ஒரு பூனைக்காக.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கும் சீனி. பவுணுக்கு வருவதற்கு எத்தனையோ வருடம் முதலே. குளிசை போடுகிறேன். சீனி பார்க்கும் என் மீற்றர் குசினி மேசையில்தான் இருக்கும். அபி கோப்பிக் கோப்பையை வைக்க இடமில்லாவிட்டால் அதைத்தான் தள்ளி வைப்பாள். பவுணின் நேற்றைய எண்ணும் முந்தநாள் எண்ணும் அவளுக்குப் பாடம். என் எண் எவ்வளவு என்று ஒருநாளும் கேட்டது கிடையாது. ஒருநாள் நானே வாய்விட்டுச் சொன்னேன்:

"அபி, எனக்கு இண்டைக்குச் சீனி கூட."

"டொக்டரிட்டைச் சொல்லுங்கோ அம்மா" என்றாள். கண் போனில். போனில் பவுண் கொட்டாவி விட்டான்.

சாமியறையில் நின்று நான் கும்பிட்டதை அப்படியே எழுதுகிறேன். பிள்ளையாரே, அந்தப் பூனைக்கு ஒன்றும் வரக் கூடாது, ஆனால் என் பிள்ளை என் பக்கமும் ஒருக்கால் திரும்ப வேண்டும் என்றுதான் கும்பிட்டேன்.

3

அந்த வருடம் ஊர்ப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குப் போவதென்று முடிவு செய்தேன். நாலாம் நாள் திருவிழா எங்கள் குடும்பத்து உபயம். அன்றைய அபிஷேகம், பூசை, சாத்துப்படி எல்லாம் எங்களுடையது. வெளிநாட்டுக்கு வந்த நாள் தொட்டு நான் அதற்குப் போய் நின்றதில்லை. கமலாதான் நின்று, உபயகாரருக்குக் கொடுக்கும் காளாஞ்சித் தட்டை வாங்குவாள். தேங்காய், பழம், விபூதி, பூ. ஐயர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அந்தத் தட்டைக் கையில் தரும் மரியாதை. ஒருமுறையாவது அதை என் கையால் வாங்க வேண்டும் என்று ஆசை. என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் தனியே புறப்பட்டேன்.

அபி என் சூட்கேசைத் திறந்து நான் வைத்த சீலைகளில் பாதியை வெளியே எடுத்தாள். பவுணுக்கு ஊசி, இரத்தம் பார்க்கும் தாள், தின்பண்டம் என்று நிரப்பினாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்ததும் சுங்க அதிகாரியின் முகம் மாறியது. இத்தனை ஊசி யாருக்கு என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு அவ்வளவு சிங்களம் வராது. ஆங்கிலமும் அந்த நேரம் வாயில் வரவில்லை. நான் "மியாவ்" என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டு, எனக்குச் சைகை காட்டினார், திரும்பச் சொல்லச் சொல்லி. நான் திரும்பவும் சொன்னேன். பெட்டியைத் தாங்களே மூடித் தந்தார்கள்.

வீட்டுக்குப் போய் இறங்கியதும் போன் அடித்தது. அபி. நான் சுகமாக வந்து சேர்ந்தேனா என்று கேட்கிறாள் என்று நினைத்து எடுத்தேன்.

"அம்மா, ஊசியெல்லாம் உடையாமல் வந்ததே?"

4

எங்கள் பக்கம் கோயிலில் கொடியேறித் திருவிழா தொடங்கினால் வீட்டில் மீன், இறைச்சி, மச்சம் என்று ஒன்றும் இல்லை. திருவிழா முடியும்வரை மீன் சட்டி, கத்தி எல்லாம் கழுவிக் கட்டிப் பின்பக்கக் கொட்டிலுக்குள் போய்விடும். வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். வீட்டில் எல்லோரும் சைவம் என்றால் பூனையும் சைவம்தான். பவுண் குட்டியாய் வந்த காலம் தொட்டு, திருவிழா நாட்களில் அவனுக்குப் பால் விட்ட சோறு. அதை யாரும் யோசித்ததே இல்லை. கொடியேறின வீட்டில் பூனைக்கு மீன் அவிப்பது என்று யாருக்கு நினைவு வரும்?

டொக்டர் சோறு கூடாது என்றிருந்தும் இந்த முறையும் அப்படித்தான். கமலா கவனமாகத்தான் இருந்தாள். வழக்கமாகச் சேர்க்கும் ஒரு கரண்டி சீனியை நிற்பாட்டினாள். பாலையும் தண்ணீராகக் கரைத்தாள். தட்டு வெறுமையாகும்வரை பார்த்திருந்து, பிறகு ஊசி போட்டாள். அவள் திரும்பியபோதெல்லாம் அந்தத் தட்டை வெறுமையாக்கியது காகம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மீன் தின்று பழகிய பவுண் இரண்டு நக்கு நக்கிவிட்டு நடந்துவிடுவான். சாப்பாடு கால் வயிறு. ஊசி முழு அளவு.

எனக்கு அந்த நாட்களில் அவனைப் பார்க்கவே மனமில்லை. அபி கூப்பிட்டால் கமலாவைத்தான் கூப்பிடுவாள். நான் பக்கத்தில் நின்றால், "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, வெளிச்சம் மறைக்குது" என்பாள்.

கமலா பகிடியாகச் சொன்னாள்: "அக்கா, நீ ஒரு வால் வைச்சுக்கொண்டு வந்திருக்கலாம்."

"வாயை மூடிக்கொண்டு ஊசியைப் போடு" என்றேன்.

5

நாலாம் திருவிழா. உபயம் எங்களுடையது என்பதால் அன்று முழுவதும் நான் விரதம். வழக்கம்போல் குளிசையை மட்டும் போட்டுக்கொண்டேன். பின்னேரம் கமலா பவுணுக்கு ஊசி போட்டுவிட்டு, பால், தயிர், இளநீர் எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு முன்னே போனாள். நான் தலை தோய்ந்து, பட்டுச் சீலை கட்டி, அர்ச்சனைத் தட்டோடு பின்னே போவதாக ஏற்பாடு. அபிஷேகத்துக்கு நெல்லியடியில் வாங்கிய தேன் போத்தலும் என் தட்டில்தான் இருந்தது.

வாசலில் செருப்பைப் போடும்போது போன் அடித்தது.

"அம்மா, சின்னம்மா போன் எடுக்கிறா இல்லை. பவுணை ஒருக்கால் காட்டுங்கோ."

"பிள்ளை, எங்கடை திருவிழா. பூசைக்கு நேரம் போகுது."

"ஒரு நிமிசம், அம்மா. ப்ளீஸ்."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. பட்டுச் சீலையோடு நிற்கிறேன். அபி படத்தில் என்னைப் பார்க்கிறாள். சீலை வடிவாக இருக்கிறது என்று ஒரு சொல் இல்லை. தட்டையும் தூக்கிக்கொண்டு அவனைத் தேடிப் போனேன்.

குசினி மூலையில் நின்றான். நின்றான் என்று சொல்ல முடியாது. பின்னங்கால் இரண்டும் அகன்று வழுக்கின. தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. மேல் முழுக்க மெல்லிய நடுக்கம்.

எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் வருவது. பேக்கரியில் நின்றுகொண்டிருக்கும்போது முதலில் உதடு மரக்கும், பிறகு கால் என்னுடையது இல்லாததுபோல் போகும், ஆட்கள் கதைப்பது தூரத்தில் கேட்கும். சீனி இறங்கிவிட்டது. அந்த மஞ்சள் உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது என்று அந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும்.

கைக்கு எட்டியது தட்டில் இருந்த தேன் போத்தல். பிள்ளையாருக்கு வாங்கியது. மூடியின் கடதாசி கிழியாமல் இருந்தது. கிழித்தேன். விரலில் தேன் தொட்டு, அவன் உதட்டை உயர்த்தி, பல் முரசில் தடவினேன். கடிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திரும்பவும் தடவினேன்.

"அம்மா, என்ன செய்யிறியள்? அவனுக்கு என்ன?"

"சீனி இறங்கிட்டுது. கத்தாதை. பொறு."

போனைக் குசினியில் கழுவி வைத்திருந்த குத்துவிளக்கில் சாய்த்து வைத்தேன். கோயில் லவுட்ஸ்பீக்கரில் மணிச் சத்தம். பிறகு ஒரு குரல்: இன்றைய உபயகாரர், கனடாவிலிருந்து வருகை தந்திருக்கும் இன்னார், தேனுடன் உடனடியாக வரவும். நான் குசினி நிலத்தில் பட்டுச் சீலையோடு இருந்து பூனையின் வாயில் தேன் தடவிக்கொண்டிருந்தேன். இரண்டாம் தரமும் என் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்போது பவுணின் நாக்கு வெளியே வந்து என் விரலை நக்கியது. சொரசொரவென்று, ஒருதரம், பிறகு இன்னொருதரம்.

"நக்கிறான்" என்றேன். அங்கே அபி அழுவது கேட்டது.

"அம்மா, உங்கடை மீற்றர் இருக்கே? காது ஓரத்திலை மெல்லக் குத்திப் பாருங்கோ."

பார்த்தேன். எண் நல்லாய்த் தாழ்ந்திருந்தது. தேன் தடவித் தடவி, கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பப் பார்த்தபோது ஏறியிருந்தது.

"அம்மா, உங்களுக்கு எப்பிடி உடனை தெரிஞ்சது?"

"எனக்கும் இப்பிடித்தானே வாறது."

"எப்ப?"

"வேலையிலை. பஸ்ஸிலை. வாற நேரம் வரும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியே?"

அபி முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"அம்மா, இண்டைக்குச் சாப்பிட்டனீங்களோ?"

"விரதம்."

"குளிசை?"

"போட்டனான்."

"சாப்பிடாமல் குளிசை போட்டனீங்கள்." அவள் குரல் இறங்கிவிட்டது. "அவனுக்கு நடந்ததுதானே உங்களுக்கும். உங்கடை கை நடுங்குது, நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். அந்தத் தேனை நீங்களும் நக்குங்கோ. இப்ப. நான் பாக்க."

நான் அது பூனைக்கான பயத்தில் வந்த நடுக்கம் என்று நினைத்திருந்தேன். புது ஊசிமுனை போட்டு என் விரலிலும் குத்தினேன். என் எண்ணும் கீழேதான். பிள்ளையாருக்கு வாங்கிய தேனில் பவுணுக்குப் பிறகு எனக்கு ஒரு பங்கு. விரதம் முறிந்தது. என் மகள் முதன்முதலாக என் சீனி எத்தனை என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

6

ஆனால் தேன் தொடக்கத்துக்குத்தான். அவன் தின்ன வேண்டும்.

"மீன் இருக்கே, அம்மா?"

"கொடியேறிக் கிடக்கு, பிள்ளை."

அவள் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கோபித்திருப்பேன். "அம்மா" என்று மட்டும் சொன்னாள். நான் சாமியறையைப் பார்த்தேன். பிறகு பின்கதவால் வேலிக்குப் போனேன். பக்கத்து வீட்டு றீற்றா வேதக்காரி, சேர்ச்சுக்குப் போகிறவள், அவள் வீட்டில் அன்றைக்கும் மீன்.

"றீற்றா, சூடை மீன் இருந்தால் ரெண்டு அவிச்சுத் தா. உப்புப் போடாதை."

"பூனைக்கோ, உங்களுக்கோ?"

"விசர்க்கதை கதைக்காமல் கெதியாத் தாடி."

வேலிக்கு மேலாலே சின்னச் சட்டி வந்தது. அதை வீட்டுக்குள்ளே ஏற்றவில்லை. பவுணைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் வைத்து முள் எடுத்து ஊட்டினேன். தின்றான். தின்று முடித்து என் பட்டுச் சீலையில் வாயைத் துடைத்தான். பிறகு நான் தலைக்குத் தண்ணீர் வார்த்துத் தோய்ந்தேன். அப்போதுதான் கமலா காளாஞ்சித் தட்டோடு வந்தாள். இந்த வருடமும் அவள் கையில்தான்.

"ஏன் வரேல்லை? ஐயர் தேனுக்குப் பாத்துக்கொண்டு நிண்டவர்."

நடந்ததைச் சொன்னேன். அவள் பவுணின் தட்டைப் பார்த்தாள், மதிலில் இருந்த காகத்தைப் பார்த்தாள், பிறகு அப்படியே நிலத்தில் இருந்து அழுதாள். அப்பாவுக்குக்கூட ஒருநாளும் பிழைக்காத கை அது. நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளையார் கோவிக்க மாட்டார். அவரின்ரை எலிக்குத்தான் கோவம் வரும்" என்றாள்.

அடுத்த நாள் இன்னொரு போத்தல் தேன் வாங்கிக் கோயிலுக்குக் கொடுத்தேன். பிள்ளையார் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் இன்றைக்கும் அவரைத்தான் கும்பிடுகிறேன். திருவிழா முடியும்வரை வேலிக்கு மேலாலே சட்டி வந்தது. கிணற்றடியில் ஊட்டிவிட்டு, காலையும் பின்னேரமும் தோய்ந்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். ஈரத் தலையையும் றீற்றாவின் சட்டியையும் கண்ட யாரோதான் முதல் கதையைக் கட்டியிருக்க வேண்டும்.

7

பவுண் இன்னும் இருக்கிறான். கமலா இன்னும் ஊசி போடுகிறாள். அபி இன்னும் கூப்பிடுகிறாள். பவுணின் எண்ணைக் கேட்டு முடித்ததும், "அம்மா, விரலைத் தாங்கோ" என்று வருகிறாள். முதலில் அவன், பிறகு நான். இந்த வரிசை மாறுமா என்று நானும் பார்க்கிறேன், மாறவில்லை. எனக்கு இன்னும் எரிச்சல்தான். ஆனால் விரலை நீட்டுகிறேன்.

போன கிழமை கமலா சொன்னாள்: "அக்கா, நீ போனதிலையிருந்து உவன் எனக்குக் காதைத் தாறானில்லை. உன்ரை குரல் போனிலை கேட்டால் மட்டும் திரும்பிப் பாக்கிறான்." அவள் குரலில் இருந்தது என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது. எனக்குத் தெரியாத சாமான் இல்லையே அது. அன்றைக்கு முழுவதும் நல்ல சந்தோசமாக இருந்தது.

இதை வாசிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள், அனுப்புங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். மீன் சூடை. இரண்டு. அவித்தது றீற்றா, உப்பில்லாமல். வீட்டுக்குள்ளே ஏறவில்லை. றால் இல்லை, நண்டு இல்லை. என்னை நல்லவளாகக் காட்டவேண்டும் என்று நினைத்துப் பொறாமையை மட்டும் குறைத்துவிடாதீர்கள். மீனைப் போல அதையும் கூட்டவும் வேண்டாம், நான் எழுதிய அளவுதான் அது.